ஸ்பிரிட்டிசம் கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவா? ஒக்கியில் அப்பாவை இழந்த தம்பிக்கு

தம்பி, நீ கேட்டதைச் சுருக்கமாக முதலில் போட்டுவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். உன் அண்ணன் கப்பலில் வேலை செய்கிறான். கூட இருக்கும் பிரேசில்காரர் ஒருவர் அவனுக்கு ஸ்பிரிட்டிசத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். 2017 ஒக்கிப் புயலில் போன, இன்றுவரை உடல்கூடக் கிடைக்காத உங்கள் அப்பா ஆவியாக இருக்கிறார், அவரோடு பேச முடியும், அவர் மறுபடியும் பிறப்பார் என்று அவன் வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்கிறான். அவர்களும் நற்செய்திதான் வாசிக்கிறார்கள், இதுவும் கிறிஸ்தவம்தான் என்கிறான். பக்கத்து வீட்டு பெந்தெகொஸ்தே அக்கா இது சாத்தான் வேலை என்கிறார். அம்மா இதற்கு நடுவில் தூக்கம் இல்லாமல் இருக்கிறார். எது சரி?

இரண்டுமே சரியில்லை. அவர்கள் சாத்தானைக் கும்பிடுகிறவர்கள் இல்லை, ஆனால் கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவும் இல்லை. நான் முப்பது வருடத்துக்கு மேல் பங்கில் மறைக்கல்வி எடுத்தவன், என் சாய்வு எந்தப் பக்கம் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் அவர்கள் நம்புவதை அவர்கள் சொல்கிறபடியே முதலில் சொல்கிறேன். நாளைக்கு நீ அண்ணனோடு பேச வேண்டும். அவன் நம்பாத ஒன்றை நம்புகிறான் என்று நீ ஆரம்பித்தால் அவன் அதோடு போனை வைத்துவிடுவான்.

தொடக்கம் அமெரிக்காவில். 1848 மார்ச் 31 இரவு, நியூயார்க் மாநிலத்தில் ஹைட்ஸ்வில் என்ற சின்ன ஊரில், ஃபாக்ஸ் குடும்பத்துச் சிறுமிகள் இருவர், வீட்டில் கேட்ட தட்டல் சத்தத்தோடு கேள்வி பதில் நடத்தினார்கள் என்று செய்தி பரவியது. (நாற்பது வருடம் கழித்து, 1888-இல், அவர்களில் ஒருவரான மார்கரெட் கால்விரல் மூட்டைச் சொடுக்கித்தான் அந்தச் சத்தத்தை உண்டாக்கினோம் என்று பொது மேடையிலேயே சொன்னார், அடுத்த வருடம் அதை மறுத்தார். இதை அண்ணனிடம் பெரிய ஆயுதமாக எடுக்காதே. அவன் நம்புவது ஃபாக்ஸ் சகோதரிகளை இல்லை.) அந்தப் பரபரப்பு ஐரோப்பாவுக்குப் போனது, பாரீஸ் வீடுகளில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கை வைத்து, மேசை அசைகிறதா என்று பார்ப்பது பெரிய பொழுதுபோக்காக ஆனது. 1855-இல் அதைப் பார்க்கப் போனவர்களில் ஒருவர் ரிவாய் என்ற பள்ளி ஆசிரியர். 1804-இல் லியோன் நகரில் பிறந்து, சுவிட்சர்லாந்தில் பெஸ்தலோசியின் பள்ளியில் படித்து, கணக்குக்கும் இலக்கணத்துக்கும் பாடப்புத்தகம் எழுதியவர். பொழுதுபோக்காக நடந்ததை அவர் பாடமாக எடுத்துக்கொண்டார். கேள்விகளை எழுதிவைத்துக்கொண்டு வெவ்வேறு மீடியங்கள் வழியாகக் கேட்டு, வந்த பதில்களை ஒப்பிட்டு, ஒத்துப்போனவற்றைத் தொகுத்தார். ஆவிக்கும் மனிதருக்கும் இடையில் ஆளாக இருப்பவரைத்தான் மீடியம் என்பது. முற்பிறவியில் தனக்கு இருந்த பெயர் என்று ஓர் ஆவி சொன்னதாக ஆலன் கார்டெக் என்ற பெயரை வைத்துக்கொண்டு, 1857 ஏப்ரல் 18 அன்று ‘ஆவிகளின் நூல்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். முதல் பதிப்பில் 501 கேள்விகள், 1860-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 1019. அப்புறம் இன்னும் நான்கு நூல்கள், அவற்றில் 1864-இல் வந்ததுதான் உன் அண்ணன் கையில் இருக்க வாய்ப்புள்ள ‘ஸ்பிரிட்டிசத்தின்படி நற்செய்தி’. 1869-இல் கார்டெக் இறந்தார், கல்லறை பாரீஸில் பெர் லாஷேஸில் இருக்கிறது.

சரி, அவர்கள் என்ன நம்புகிறார்கள்? ‘ஆவிகளின் நூல்’ புத்தகத்தின் முதல் கேள்வியே கடவுள் என்றால் என்ன என்பதுதான். உன்னதமான அறிவு, எல்லாவற்றுக்கும் முதல் காரணம் என்று பதில். ஆகவே கடவுள் இல்லை என்கிறவர்கள் இல்லை, பல கடவுள்களும் இல்லை. கடவுள் ஆவிகளைப் படைக்கும்போது எல்லாவற்றையும் ஒரே மாதிரி, எளிமையாகவும் ஒன்றும் தெரியாததாகவும் படைக்கிறார். ஒவ்வொன்றும் தன் முயற்சியால் பிறவி பிறவியாக முன்னேறி, கடைசியில் தூய ஆவியாக வேண்டும். மனிதன் என்பது மூன்று சேர்ந்தது: உடல், ஆவி, இரண்டையும் இணைக்கிற, அரைப் பருப்பொருளாலான ஒரு உறை. அந்த உறைக்குப் பெரிஸ்பிரிட் என்று பெயர். சாவில் உடல் மட்டும் கழன்றுவிடும், உறையோடு ஆவி இருக்கும், பிறகு வேறு உடலில் வரும். நம்மூரில் மறுபிறவி என்றால் புழுவாகவும் மாடாகவும் பிறப்பதும் சேர்த்துத்தான் பேசுவார்கள். கார்டெக் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆவி தேங்கி நிற்கலாம், பின்னால் போகாது, மனிதன் மிருகமாகப் பிறக்க மாட்டான் என்றார். நாம் இருக்கிற பூமி மட்டும் உலகம் இல்லை, பல உலகங்களில் உயிர்கள் இருக்கின்றன, பூமி பரிகாரமும் சோதனையும் நடக்கிற நடுத்தரத்துக்கும் கீழான ஓர் இடம் என்பது அவர்கள் கணக்கு. நித்திய நரகம் கிடையாது, சாத்தான் என்று தனியாக ஒருவனும் கிடையாது. கெட்ட ஆவிகள் என்பவை இன்னும் வளராத மனித ஆவிகள்தான், அவையும் ஒருநாள் திருந்தும்.

பேய் பிடிப்பதைப் பற்றி அவர்கள் சொல்வது நம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும். இங்கே அநியாயமாகச் செத்தவர்கள் தெய்வமாக நின்று கொடை வாங்குகிற கதைகளை வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்திருக்கிறோம், முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைத் தாண்டித்தான் திருநெல்வேலிக்கே போகிறோம். பேய்களுக்குப் பயந்து பலி கொடுக்காதே என்று அய்யா வைகுண்டர் சொன்னதும் இதே மண்ணில்தான். கிறிஸ்தவர்களிலும் பேய் என்றால் விரட்ட வேண்டும், அவ்வளவுதான். ஸ்பிரிட்டிசக்காரர்கள் விரட்டுவதில்லை, பலியும் கொடுப்பதில்லை. கோபத்தோடு சுற்றுகிற ஓர் ஆவி அது என்று எடுத்துக்கொண்டு, அதற்கு அறிவுரை சொல்லி, அதற்காகச் செபித்து, பழியை விடச் சொல்கிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. ஆனால் இதில் ஒரு இரக்கம் இருப்பதை மறைக்க எனக்கு மனசில்லை.

அதேபோல, அவர்களுக்குக் குருவானவர் இல்லை, பீடம் இல்லை, மெழுகுதிரி இல்லை, அருட்சாதனம் இல்லை. கூடி உட்கார்ந்து வாசிப்பார்கள், செபிப்பார்கள், கை நீட்டி ஒருவருக்கொருவர் சக்தி கொடுப்பதாகச் செய்வார்கள், தண்ணீர் வைத்துச் செபித்துக் குடிப்பார்கள். மீடியம் காசு வாங்கக்கூடாது என்பது கண்டிப்பான சட்டம், ‘கொடையாகப் பெற்றீர்கள், கொடையாகவே கொடுங்கள்’ என்ற மத்தேயு 10:8-ஐத்தான் அதற்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். பிரேசிலில் இது பிரான்சைவிடப் பெரிதாக வேர்விட்டது. 1884-லேயே அங்கே கூட்டமைப்பு வந்துவிட்டது, 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 38 லட்சம் பேர் தங்களை ஸ்பிரிட்டிஸ்ட் என்று பதிந்தார்கள், ஞாயிறு பூசைக்கும் போய் வாரநாளில் அவர்கள் மையத்துக்கும் போகிறவர்களும் உண்டு. சீக்கோ சாவியர் என்ற மீடியம் (1910–2002) 400-க்கும் மேற்பட்ட புத்தகங்களை ஆவிகள் சொல்ல எழுதியதாகச் சொன்னார், உரிமைத்தொகையை ஏழைகளுக்கே விட்டுவிட்டார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் உபெராபா என்ற ஊரில் அவர் வாசலில் வரிசையாகக் காத்து நிற்பார்கள், செத்த பிள்ளையிடமிருந்து ஒரு கடிதம் கிடைக்காதா என்று. கப்பலில் உன் அண்ணனோடு பேசியவர் இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவர். ஏமாற்றுவதற்காகச் சொல்லியிருக்க மாட்டார், ஒரு பையன் அப்பாவை நினைத்து அழுவதைப் பார்த்துத் தன்னிடம் இருந்த ஆறுதலைக் கொடுத்திருப்பார்.

இனி, எங்கே பிரிகிறது.

மனிதனுக்கு வழிகாட்டியாகவும் முன்மாதிரியாகவும் கடவுள் கொடுத்த மிக நிறைவான ஆள் யார் என்று ‘ஆவிகளின் நூல்’ புத்தகத்தில் 625-ஆம் கேள்வி. ஒரே சொல்லில் பதில்: இயேசு. இதை வாசித்துவிட்டுத்தான் உன் அண்ணன் இது கிறிஸ்தவம் என்கிறான். ஆனால் அந்த இயேசு மகன் இல்லை, கடவுள் இல்லை, மூவொரு கடவுள் என்ற பேச்சே அங்கே இல்லை. எல்லாரையும்விட உயர்ந்து வளர்ந்த ஆவி, அவ்வளவுதான். அவர் சிலுவையில் இறந்தது அன்பின் எடுத்துக்காட்டு, நம் பாவத்துக்காக அல்ல. ஒருவர் கடனை இன்னொருவர் தீர்க்க முடியாது என்பது அவர்கள் கொள்கையின் முதுகெலும்பு. உயிர்த்தெழுதலைப் பெரிஸ்பிரிட் கண்ணுக்குத் தெரிந்தது என்று விளக்குவார்கள். நாம் ஞாயிறுதோறும் நம்பிக்கை அறிக்கையில் சொல்கிறோமே, பாவ மன்னிப்பை நம்புகிறேன், உடலின் உயிர்ப்பை நம்புகிறேன் என்று, அந்த இரண்டு வரியையும் அவர்கள் நம்மோடு சேர்ந்து சொல்ல முடியாது. புனிதர்களின் சமூக உறவை வேண்டுமானால் தங்கள் அர்த்தத்தில் சொல்லிக்கொள்ளலாம். மோசே முதல் வெளிப்பாடு, இயேசு இரண்டாவது, ஸ்பிரிட்டிசம் மூன்றாவது, யோவான் 14-இல் இயேசு வாக்களித்த துணையாளர் தாங்கள்தான் என்று கார்டெக்கே எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் நாம் தூய ஆவியாரைச் சொல்கிறோம். ஒரு பிரிவு என்பதற்கும் வேறு மதம் என்பதற்கும் இதைவிடத் தெளிவான கோடு எனக்குத் தெரியாது.

அண்ணன் விவிலியத்தைக் காட்டுவான், அதனால் இதையும் தெரிந்து வைத்துக்கொள். யோவான் 3-இல் மறுபடியும் பிறக்க வேண்டும் என்று நிக்கதேமிடம் இயேசு சொல்வதை மறுபிறவி என்பார்கள். மூலத்தில் இருக்கிற அனோத்தன் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘மறுபடியும்’ என்றும் ‘மேலிருந்து’ என்றும் இரண்டு பொருள் உண்டு. தாயின் வயிற்றுக்குள் திரும்பப் போகவா என்று நிக்கதேம் கேட்கும்போது ஆமாம் என்று இயேசு சொல்லவில்லை, தண்ணீராலும் தூய ஆவியாலும் பிறப்பது என்று சொல்கிறார். எலியாதான் திருமுழுக்கு யோவானாக வந்தார் என்று மத்தேயு 11-ஐயும் 17-ஐயும் காட்டுவார்கள். இது கொஞ்சம் கனமான வாதம், சும்மா தள்ளக்கூடாது. ஆனால் நீர் எலியாவா என்று யோவானிடமே கேட்டபோது, இல்லை என்கிறார் (யோவான் 1:21). லூக்கா 1:17 எலியாவின் உளப்பாங்கையும் வல்லமையையும் உடையவராய் என்றுதான் சொல்கிறது. மலையில் இயேசு தோற்றம் மாறியபோது, யோவான் தலை வெட்டுண்ட பிறகு, வந்து நின்றவர் எலியாவாகவே வந்தார். ஆவி பழைய தோற்றத்தை எடுத்துக்கொள்ளும் என்று அவர்கள் பதில் சொல்வார்கள், அப்படிச் சொல்லிக்கொண்டே போகலாம். எபிரேயர் 9:27 மட்டும் இடம் விடாமல் பேசுகிறது: மனிதர் ஒரே முறை இறக்கிறார்கள், பின்பு தீர்ப்பு. ஆவிகளைக் கேட்பதைப் பொறுத்தவரை இணைச்சட்டம் 18-இல் இருக்கிற தடையை மோசே காலத்து மக்களுக்கு மட்டும் என்பார் கார்டெக். ஏந்தோர் ஊர்ப் பெண்ணிடம் போய்ச் இறந்துபோன இறைவாக்கினர் சாமுவேலை எழுப்பச் சொன்ன அரசர் சவுலுக்குக் கிடைத்தது ஆறுதல் இல்லை, நாளைக்கு நீயும் உன் பிள்ளைகளும் சாவீர்கள் என்ற செய்திதான்.

திருச்சபை இதில் நடந்துகொண்ட விதம் எல்லாமே எனக்குப் பெருமை இல்லை. 1861 அக்டோபர் 9 அன்று பார்சிலோனாவில் ஆயர் உத்தரவால் கார்டெக்கின் முந்நூறு புத்தகங்களைப் பொது இடத்தில் எரித்தார்கள். புத்தகத்துக்குப் பதில் புத்தகம்தான், நெருப்பு இல்லை. 1864-இல் அவரது நூல்கள் தடை பட்டியலில் சேர்ந்தன, 1917-இல் அத்தகைய கூட்டத்தில் வேடிக்கை பார்க்கக்கூட உட்காராதீர்கள் என்று உரோமை சொன்னது, இப்போதைய மறைக்கல்வி நூலில் 2116, 2117 எண்களில் இறந்தவர்களை அழைத்துக் கேட்பதைத் தெளிவாக விலக்கியிருக்கிறது. நாமும்தான் இறந்தவர்களுக்காகப் பூசை வைக்கிறோம், கோட்டாறு சவேரியாரிடம் பேசுகிறோம், இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று அண்ணன் கேட்டால், நியாயமான கேள்வி. நாம் அவர்களைப் பற்றிக் கடவுளிடம் பேசுகிறோம், நமக்காகக் கடவுளிடம் பேசச் சொல்லி அவர்களைக் கேட்கிறோம். பதில் சொல் என்று அவர்களை இறக்கி உட்காரவைப்பதில்லை. (சி.எஸ்.ஐ. நண்பர்கள் இந்த இடத்தில் எங்களோடும் உடன்பட மாட்டார்கள், அது வேறு பேச்சு.)

இவ்வளவும் புத்தகத்தில் இருப்பது. எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு.

ஒவ்வொரு துன்பமும் முன்பு செய்ததற்கான கடன் அல்லது தானே ஏற்றுக்கொண்ட சோதனை என்று அவர்கள் சொல்கிறார்கள். பலர் ஒன்றாகச் சாவதற்கும் அதே கணக்கைப் போடுகிறவர்கள் உண்டு. முதலில் கேட்கும்போது இதில் நியாயம் தெரியும், கடவுள் ஒருவரை ஏழையாகவும் ஒருவரைப் பணக்காரராகவும் காரணம் இல்லாமல் படைத்தார் என்பதைவிட இது மேல் என்று தோன்றும். அந்த நியாய உணர்வு உண்மையானது. கார்டெக் பெண்ணும் ஆணும் சமம், பிறப்பால் யாரும் உயர்வில்லை என்று எழுதியவர்தான். ஆனால் அவர் பாரீஸில் பத்திரிகை தொடங்கிய 1858-இல் இங்கே, அன்றைய தென் திருவிதாங்கூரில், நம் பாட்டிமார் தோளில் சீலை போட்டதற்காக அது கிழிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. 1859 ஜூலை 26 அறிக்கை வந்த பிறகுதான் நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமை, அதுவும் கட்டுப்பாட்டோடு. அதுவரை அவர்களுக்குச் சொல்லப்பட்டது என்ன? நீ இந்தச் சாதியில் பிறந்தது முன் செய்த வினை, பொறுத்துக்கொள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு முதுகு வளைந்த ஊரில் இருந்துகொண்டு, அதே கணக்கை ஐரோப்பாவிலிருந்து பிரேசில் வழியாக மறுபடியும் வாங்கிக்கொள்ள என்னால் முடியாது.

அப்பா விஷயத்துக்கு வா. நவம்பர் 29 இரவும் 30-ஆம் தேதியும் கடலில் இருந்தவர்களைத் தேடி அலைந்த நாட்கள் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று எத்தனை ஊர், எத்தனை வீடு. அத்தனை பேரும் ஏதோ பழைய கடனைத் தீர்க்கத்தான் ஆழ்கடலுக்குப் போனார்களா? லூக்கா 13-ஐ எடுத்து வாசி. சிலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்துப்போன செய்தியை இயேசுவே எடுத்து, அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படி அல்ல என்கிறார். யோவான் 9-லும் அப்படியே: பிறவியிலேயே பார்வை இல்லாதவனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்கிறார்கள், இவனும் இல்லை, பெற்றோரும் இல்லை என்கிறார். உன் அப்பாவின் சாவுக்குக் காரணம் புயல், அதைப் பற்றிய எச்சரிக்கை நடுக்கடலில் இருந்தவர்களுக்கு நேரத்தோடு போய்ச் சேராதது. அதற்கு மேல் அவர் மேல் ஒரு கணக்கும் இல்லை என்று அம்மாவிடம் உறுதியாகச் சொல்.

என் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா கடலில் காணாமல் போனபோது சித்தியை ஒருவரிடம் குறி கேட்கக் கூட்டிப்போனார்கள். ஆள் உயிரோடு இருக்கிறான், வேற்று மாநிலத்துக் கரையில் ஒதுங்கியிருக்கிறான், வருவான் என்று சொல்லி ஒவ்வொரு தடவையும் பணம் வாங்கினார். மூன்று வருடம் சித்தி தாலியைக் கழற்றவில்லை, இரவு வாசல் விளக்கை அணைக்கவில்லை, படகு வருகிற சத்தம் கேட்டால் கடற்கரைக்கு ஓடுவார். சித்தப்பா வரவில்லை. காசு வாங்காத மீடியமும் குறிகாரரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, அது அநியாயம். ஆனால் துக்கத்தில் இருப்பவர் காது எதையும் நம்பிவிடும், எல்லா ஆவிகளையும் நம்பாதீர்கள், சோதித்துப் பாருங்கள் என்ற யோவானின் முதல் கடிதத்து வரியைக் கார்டெக்கே எச்சரிக்கையாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். அப்பா பெயரில் ஒரு செய்தி வந்தால் அது அப்பாவா, அண்ணனின் ஆசையா என்று சோதிக்க உங்கள் வீட்டில் யாரால் முடியும்? தவறான ஒரு வரி வந்தால் அம்மா அதை எத்தனை வருடம் சுமப்பார்?

அண்ணனைத் திட்டாதே, புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்லாதே. அவர்கள் வாசகம் ‘அன்புச் செயல் இன்றி மீட்பு இல்லை’ என்பது, அதைப் பிடித்துக்கொண்டு அவன் நல்லவனாக இருந்தால் நமக்கு நட்டம் இல்லை. நீ ஒன்றே ஒன்று கேள்: அப்பாவின் பாவத்தை அப்பாவே பிறவி பிறவியாகக் கட்டித் தீர்க்க வேண்டும் என்று நம்புகிறாயா, இல்லை ஒருவர் ஏற்கெனவே கட்டிவிட்டார் என்று நம்புகிறாயா? அவன் எந்தப் பதில் சொன்னாலும் உடனே எதிர்வாதம் வேண்டாம், யோசிக்க விடு.

அப்புறம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பங்குத்தந்தையைப் பார். உடல் கிடைக்காததால் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் எல்லாரும் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும்போது அம்மா எங்கே நிற்பது என்று தெரியாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறார் என்று எழுதியிருந்தாயே, அது என்னைத் தூங்கவிடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அப்பா பெயர் பொறித்த ஒரு சிறிய கல் வைக்க இடம் கேளுங்கள், உடல் இல்லாவிட்டாலும் பெயருக்கு ஓர் இடம் வேண்டும். நவம்பர் 30-க்குப் பூசைக் கருத்து இப்போதே எழுதிக் கொடுத்துவிடு. நேரம் உறுதியானதும் அண்ணனுக்கு நம்மூர் நேரத்தையும் கப்பல் இருக்கிற இடத்து நேரத்தையும் சேர்த்து அனுப்பு, சிக்னல் கிடைத்தால் போனிலேயே கூட நிற்கட்டும்.